எட்டுப் பேர் கேட்டவருக்கு நாலு பொன்னாடை

டென்மார்க்கில் நான் கண்ட முதற்சண்டை வேலிச்சண்டை. பிரெடெரிசியாவில் தம்பி நேசனின் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அவனைத் தேடினால், வளவின் பின்பக்கத்தில் அளவு நாடாவோடு நிற்கிறான். பக்கத்து வீட்டு டெனிஷ்காரரின் செடிவேலி விதித்த உயரத்தைவிட இருபது சென்ரிமீற்றர் கூடிவிட்டதாம். ஊராட்சி அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதிவிட்டான். மூன்றாவதைப் படத்தோடு அனுப்பப் போகிறான்.

"அவர் நல்ல மனிசன்தான் அக்கா. ஆனால் எல்லை எண்டால் எல்லைதானே" என்றான்.

யாழ்ப்பாணத்தானைக் கடல் கடந்து கொண்டுபோய் விட்டாலும் அவன் வேலியை விடமாட்டான். அரைச்சாண் தள்ளி நட்ட வேலிக் கதியாலுக்காக மூன்று தலைமுறை வழக்காடிய ஊர் எங்களுடையது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தேநீர் குடிக்கும்போது என் கைப்பையில் இருந்த கடதாசியை எடுத்து மேசையில் வைத்தேன். சிரிப்பு அதோடு போய்விட்டது.

நான் வந்ததே அந்தக் கடதாசிக்காகத்தான். வலிகாமம் வடக்கில் அம்மாவின் காணி இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள் போய் முப்பது வருடத்துக்கு மேல். பாதியை விட்டார்கள். மற்றப் பாதியை விடுவிக்கச் சொல்லிக் கொடுக்கும் விண்ணப்பத்தில் உரித்தாளர் இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். என் கையெழுத்து இருக்கிறது. நேசனுடையது இல்லை. தொலைபேசியில் மூன்று வருடமாக "பாப்பம், பாப்பம்" என்றான். விவசாயப் போதனாசிரியராக முப்பது வருடம் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியவள் நான். ஆளை நேரே பிடித்தால்தான் அலுவல் முடியும் என்று தெரியும்.

"விடு அக்கா. ஆருக்கு இனி அந்தக் காணி? பற்றை பிடிச்சுக் கிடக்குது. நான் போய் இனி வெங்காயம் நடப்போறனோ?" என்றான். கடதாசியை ஆப்பிள் கூடைக்குக் கீழே தள்ளிவைத்தான்.

இருபது சென்ரிமீற்றருக்கு மூன்று கடிதம் எழுதுகிறவனுக்கு எட்டுப் பரப்புக் காணிக்கு ஒரு கையெழுத்து இல்லை. சொல்ல வாய் உன்னியது. வந்த அன்றே வேண்டாம் என்று விட்டேன்.

இரண்டாம் நாள் வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். நேசனின் ஒரே மகள் மதுரா அழைத்து வந்தாள். தாயில்லாத பிள்ளை. ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறாள். பலஸ்தீன விவசாயிகள் தங்கள் நிலத்தில் நிலைக்க உதவும் ஒரு சிறிய குழுவிலும் இருக்கிறாள். அந்தக் குழு ஒலிவ் அறுவடைக் காலத்தில் இங்கிருந்து ஆட்களை அனுப்புகிறது. அறுவடைக்கு ஆள் சேர்ப்பதற்காகவே நாபுலஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அந்த விவசாயி வந்திருந்தார். அவரைத் தங்கவைக்க இருந்த டெனிஷ் அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதால் நான்கு நாளைக்கு எங்கள் வீடு.

அபூ நாயிஃப் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள். அறுபது வயது இருக்கும். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. மண் வேலை செய்த கையை நான் எங்கே கண்டாலும் அடையாளம் பிடிப்பேன். அவர் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு போத்தல் ஒலிவ் எண்ணெய். நான் காலையில் அவித்த புட்டு மேசையில் இருந்தது. அவர் புட்டில் ஒரு கை எடுத்து, அதன் மேல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, எங்கள் கட்டச்சம்பலையும் வைத்துச் சாப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் வாய் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நாங்களும் ஊற்றினோம். நல்லெண்ணெய்க்குப் பழகிய நாக்கு முதலில் தடுமாறியது. இரண்டாவது கவளத்தில் இணங்கிவிட்டது.

நேசன் அவரிடம் கேட்ட முதற்கேள்வியை எங்கள் ஆட்களைத் தவிர வேறொருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். சுகமா என்றில்லை, பிள்ளைகள் எத்தனை என்றில்லை. "உறுதி இருக்கோ?" என்றான். பிறகு ஆங்கிலத்தில், காணிப் பத்திரம் இருக்கிறதா என்று.

அபூ நாயிஃப் சட்டைப்பைக்குள்ளிருந்து பிளாஸ்ரிக் உறை ஒன்றை எடுத்தார். பழைய வரிப் பற்றுச்சீட்டுகள், ஒரு கைவரைபடம். ஊருக்கு வெளியே போகும்போதும் அதை வீட்டில் விட்டுவருவதில்லையாம். இடம்பெயர்ந்த காலத்தில் நாங்கள் நகையை விட்டாலும் உறுதிப் பையை விடாமல் ஓடியது எனக்கு ஞாபகம் வந்தது.

"எல்லைகள் என்ன?" என்றான் நேசன்.

"கிழக்கே பள்ளத்தாக்கு. வடக்கே என் சிறிய தகப்பனின் மரங்கள். தெற்கே பாதை. மேற்கே மலை" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "மலை உச்சியில் முதலில் குடியேற்றக்காரரின் கூடாரம் ஒன்று வந்தது. பிறகு வீடுகள் வந்தன. இப்போது மேற்கு எல்லை வருடத்துக்கு வருடம் கீழே இறங்கி வருகிறது" என்றார்.

அவருக்கு வேண்டியது எட்டுப் பேர். மலைப் பக்கத்துத் துண்டில் நாற்பது மரம் நிற்கிறது. போன இரண்டு அறுவடைக்கும் அங்குள்ள இராணுவம் கால் வைக்க விடவில்லை. இந்த முறை இரண்டு நாளைக்கு மட்டும் அனுமதி. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பக்கத்தில் நின்றால் மலையிலிருந்து கல்லோடும் துவக்கோடும் இறங்குகிறவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். எட்டுப் பேர் என்றால் நாலு மூலைக்கும் ஆள் நிற்கலாம், மற்றவர்கள் பறிக்கலாம். இந்த வருடமும் பறிக்காவிட்டால், பயிர் செய்யாத நிலம், கைவிட்ட நிலம் என்று எழுதி எடுத்துவிடுவார்கள்.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்குள் ஏறிவிட்டது. இதே வித்தையை நான் எங்கள் பக்கத்திலும் கண்டிருக்கிறேன். சனத்தைச் செல் குண்டு அடித்துத் துரத்துவது. திரும்பி வரவிடாமல் கம்பி அடிப்பது. இருபது வருடத்தில் பற்றை வளர்ந்தபின், பயன்படுத்தாத நிலம் என்று ஒரு பலகையை நட்டுவிடுவது. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, வீட்டில் ஆளில்லையே என்று பூட்டை மாற்றுகிறவனுக்கு என்ன பெயர்? எங்கள் ஊரில் கள்ளன் என்போம். கடதாசியில் அதற்குச் சட்டம் என்று பெயர்.

மூன்றாம் நாள் மதுராவும் நானும் அபூ நாயிஃபோடு ஓல்போர்க்குக்குப் போனோம். ரயில் பாதித் தூரத்தில் நின்றுவிட்டது. தண்டவாள வேலையாம், இறங்கிப் பஸ்ஸில் ஏறட்டாம். மழையில் முந்நூறு பேர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வரிசையில் நின்றார்கள். எங்கள் நாட்டில் என்றால் இதற்குள் ஸ்ரேஷன் மாஸ்ரருக்கு வேர்த்திருக்கும். எனக்குப் பின்னால் நின்ற கிழவி ஒருத்தி, "காசு கொடுத்தது ரயிலுக்கு, தருவது பஸ்" என்று பெருமூச்சு விட்டாளாம். மதுரா மொழிபெயர்த்தாள். டென்மார்க்கில் நான் கேட்ட ஒரேயொரு கலகக் குரல் அதுதான்.

பஸ்ஸில் இருக்கும்போது மதுராவின் கைபேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கூட்டத்துக்குத் தருவதாகச் சொன்ன மண்டபம் இல்லையாம். நிகழ்ச்சி ஒருதலைப்பட்சமாகத் தெரிகிறது, மறுதரப்பும் வந்தால் மகிழ்ச்சியோடு தருவோம் என்று மிகவும் பண்பாக எழுதியிருந்தார்கள். கடைசியில் அன்பான வணக்கமும் இருந்தது.

ஒலிவ் மரத்துக்கு மறுதரப்பு யார்? கோடரியா? அந்தப் பஸ்ஸுக்குள்ளேயே சத்தமாகக் கேட்டுவிட்டேன். தமிழில்தான். ஆனாலும் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அடித்துத் திட்டுகிறவனோடு சண்டை பிடிக்கலாம். அன்பான வணக்கத்தோடு கதவைச் சாத்துகிறவனோடு எப்படிப் பிடிப்பது? அபூ நாயிஃப் மட்டும் பதறவில்லை. "எங்களுக்கு இது பழக்கம், சிஸ்டர். அங்கே கதவைச் சாத்தும்போது வணக்கம் சொல்வதில்லை, அதுதான் வித்தியாசம்" என்றார்.

கடைசியில் ஒரு தேவாலயத்தின் பின்னறை கிடைத்தது. ஒன்பது பேர் வந்தார்கள். கறுவா தூவிய பன்னும் காப்பியும் கொடுத்தார்கள். அபூ நாயிஃப் படங்களைக் காட்டிப் பேசினார். கேள்வி நேரத்தில் ஓய்வுபெற்ற ஒரு ஐயா எழும்பி, "இவ்வளவு ஆபத்து என்றால் குடும்பத்தோடு நகரத்துக்குப் போய்விடலாமே?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. கள்ளன் வருகிறான் என்றால் கள்ளனைப் பிடிக்காமல் வீட்டுக்காரனை எழும்பிப் போகச் சொல்கிற அறிவு எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள்? அபூ நாயிஃப் சாந்தமாகச் சொன்னார்: "என்னால் போகமுடியும். மரத்தால் முடியாது."

அன்று மூன்று பேர் பெயர் எழுதினார்கள். இரண்டு மாணவிகளும், தச்சு வேலை செய்யும் ஒருவரும். கேள்வி கேட்ட ஐயா, குழு விற்பனைக்கு வைத்திருந்த எண்ணெயில் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. மிச்சம் ஐந்து பேர்தானே? பிரெடெரிசியாவில் எங்கள் சனம் எத்தனை குடும்பம்! எல்லோரிடமும் டெனிஷ் கடவுச்சீட்டு. காணி இழப்பு என்றால் என்னவென்று அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. என் கடவுச்சீட்டோடு நான் டென்மார்க் வரவே படாத பாடு பட்டேன், அங்கே என்னை எட்டியும் பார்க்க விடமாட்டார்கள். இவர்களுக்கு என்ன தடை? நேசனை அரித்து, தமிழ்ச் சங்கத்தில் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைக்க ஒழுங்கு செய்தேன். அபூ நாயிஃபிடம் மார்தட்டியும் சொன்னேன்: "எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள்."

எங்கள் ஆட்கள் கூட்டம் வைக்கும் முறையை நான் மறந்துபோனேன். அது என் பிழை.

மூன்று மணிக்கு என்று சொன்னது நாலுக்குத் தொடங்கியது. மண்டபம் ஐந்தேகாலுக்குப் பூட்டப்படும். மங்கல விளக்கை ஏழு பேர் ஏற்றினார்கள். இறந்தவர்களுக்கு ஒரு நிமிட அகவணக்கம். வரவேற்பு நடனம், அது முடியச் சின்னப் பிள்ளைகளின் இன்னொரு நடனம். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. ஒவ்வொருவரும் "நேரத்தைக் கருத்தில் கொண்டு" என்று தொடங்கிப் பத்து நிமிடம் எடுத்தார்கள். பிறகு பொன்னாடை. சங்கத்தின் சார்பில் ஒன்று, கோயில் சார்பில் ஒன்று, பழைய மாணவர் சார்பில் ஒன்று. விடுபட்டுப்போன ஒருவர் கோபிப்பார் என்று அவர் கையாலும் ஒன்று. அடைபட்ட மண்டபத்தின் செப்டெம்பர் புழுக்கத்தில் சிவப்பும் சரிகையுமாக நாலு பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு அந்த மனிதர் வியர்த்து வழிய நின்றார்.

அவர் பேச எழும்பியபோது மணி ஐந்து அடித்துவிட்டது. வாசலில் காவலாளி திறப்புக்கோர்வையைக் குலுக்கிக்கொண்டு நின்றார். எட்டு நிமிடம் பேசினார். மதுரா தன் உடைந்த தமிழில் மொழிபெயர்த்தாள். எட்டுப் பேர் வேண்டும், மூன்று பேர் இருக்கிறார்கள் என்று முடித்தார்.

பெயர் எழுதும் தாளை மேசையில் வைத்தோம். கை தட்டினார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

சங்கத் தலைவர் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "அக்கா, உதவி செய்யிறதிலை எங்களுக்குப் பின்வாங்கல் இல்லை. எண்ணெய் வேணுமெண்டால் பெட்டிக் கணக்கிலை வாங்குவம். ஆனால் பேர் குடுக்கிறது... நாங்கள் இஞ்சை அகதியா வந்த ஆக்கள். நாளைக்குப் பிள்ளையளின்ரை வேலைக்கு ஒரு பிரச்சினை வந்தால்?"

"ஓம், ஏன் எங்களுக்கு இந்த அரசியல்?" என்றார் பக்கத்தில் நின்ற இன்னொருவர்.

நான் ஒலிவாங்கியை எடுத்துவிட்டேன். அழைப்பில் என் பெயர் இல்லை, மேடை மரபும் தெரியாது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நாங்கள் ஓடேக்கை உலகம் பாத்துக்கொண்டு நிண்டது எண்டு மேடைக்கு மேடை அழுறியள். இண்டைக்கு நீங்கள்தான் உலகம். பாத்துக்கொண்டுதானே நிக்கிறியள்! பக்கத்து வீட்டு வேலி இருபது சென்ரிமீற்றர் கூடினால் மூண்டு கடிதம் எழுதுறியள். இந்த மனிசன்ரை மலையே இறங்கி வருது. வந்து பக்கத்திலை நில்லுங்கோ எண்டு கேக்கிறார், நீங்கள் சால்வை போர்க்கிறியள். எட்டுப் பேர் கேட்டவருக்கு நாலு பொன்னாடை. வெக்கமாயில்லையே?"

நேசனின் முகம் சிவந்துவிட்டது. வேலிக்கதை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். மதுரா நடந்துபோய் மேசையில் இருந்த பேனையை எடுத்தாள்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அவள் பேனையை எடுத்ததும் என்னையறியாமல் என் கை அவள் கையைத் தடுக்கப் போனது. ஊரான் பிள்ளைகளை வாருங்கள் என்று ஒலிவாங்கியில் கத்தியவள் நான்தான். எங்கள் பிள்ளை என்றதும் கல்லும் துவக்கும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன. மதுரா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் கையை எடுத்தேன். என் மேலேயே எனக்கு வந்த கோபம் அன்று மற்ற எல்லாக் கோபத்தையும்விடப் பெரியது. அவள் எழுதினாள். அவளுக்குப் பிறகு, கடைசி வரிசையில் இருந்த மன்னார்ப் பெண் ஒருத்தி வந்து எழுதினாள். முதியோர் இல்லத்தில் வேலையாம். "விடுப்பு கிடைக்கும், நான் வாறன்" என்றாள். அவ்வளவுதான். ஐந்து.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவும் மகளும் டெனிஷில் பொரிந்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் எல்லாம் விளங்கியது. கடைசியில் மதுரா எனக்காகத் தமிழுக்கு மாறினாள்.

"அப்பா, நீங்கள்தான் எனக்குச் சின்னனிலை சொன்னது. எங்களோடை ஒருத்தரும் வந்து நிக்கேல்லை எண்டு. எத்தினை தரம் சொன்னது?"

நேசன் பின்வளவுக்குப் போய்விட்டான்.

அபூ நாயிஃப் கூடத்தில் இருந்து பொன்னாடைகளை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தார். இவை புனிதமான துணியா என்று என்னிடம் கேட்டார். இல்லை, மரியாதைக்குப் போர்ப்பது, பிறகு எல்லோரும் அலுமாரிக்குள் போட்டுவிடுவார்கள் என்றேன். அறுவடைக்கு மரத்தின் கீழே துணி விரிப்போம், காய் மண்ணில் விழாமல் இருக்க, இவற்றை விரித்தால் உங்கள் ஆட்கள் மனம் நோவார்களா என்றார். நோகட்டும் என்றேன்.

அடுத்த நாள் காலை நேசன்தான் அவரை ரயிலடிக்குக் கூட்டிப்போனான். நானும் கூட இருந்தேன். ரயில் வர ஐந்து நிமிடம் இருக்கும்போது, அந்தப் பெயர்த் தாளைத் தாருங்கள் என்று அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டான். மதுராவின் பெயர் இருந்த இடத்தையே கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு எழுதினான். என் பக்கம் திரும்பாமல், "அவளைத் தனிய விடேலாது. அதுக்குத்தான். வேறை ஒண்டுமில்லை" என்றான். என் கடதாசி இன்னும் ஆப்பிள் கூடைக்குக் கீழேதான் கிடந்தது. அந்த வாரம் நான் ஊர் திரும்பும்போது அதை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கேட்கவில்லை.

ஒக்ரோபரில் ஒரு மத்தியானம் நேசன் அழைத்தான். பின்னால் காற்றுச் சத்தம். எல்லையில் ஆறு மணித்தியாலம் இருத்தி வைத்து விசாரித்துவிட்டுத்தான் விட்டார்களாம். ஆறு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவன் எடுத்தவுடன் மரத்தைப் பற்றித்தான் சொன்னான்.

"அக்கா, தடியாலை அடிக்கக் கூடாதாம். கொப்பு முறிஞ்சு போமாம். கையாலைதான் உருவ வேணும். மதுரா என்னைவிடக் கெதியாப் பறிக்கிறாள். எங்கடை பொன்னாடையைத்தான் விரிச்சவை, சரிகைக்குள்ளை காய் சிக்குது."

"எத்தினை மரம் பறிச்சனீங்கள்?"

"நேற்று இருபத்திரண்டு. இண்டைக்கு விடியக் குடியேற்றக்காரர் இறங்கி வந்து கத்திச்சினம். பிறகு ஆமி வந்து ஒரு கடதாசியைக் காட்டினது. இண்டையிலையிருந்து இது மூடின பகுதியாம். அபூ நாயிஃப் தன்ரை அனுமதியைக் காட்டினார். அது நேற்றைக்குத்தான் செல்லுமாம். ரெண்டு நாள் எண்டு அதிலை எழுதிக் கிடக்கு அக்கா! வாசிக்கத் தெரியாதோ அவங்களுக்கு?"

தம்பி இவ்வளவு கோபமாகப் பேசி நான் நாற்பது வருடத்தில் கேட்டதில்லை.

"மிச்சம் பதினெட்டும் காயோடை நிக்குது. கைவிட்ட மரம் எண்டு எழுதப்போறாங்கள். நாங்கள் கையிலை கூடையோடை நிக்கிறம், கைவிட்டதாம்." காற்றுக்கு மேலாகக் குரலை உயர்த்தினான். "ஒரு சின்னப் பெடியன், ஆமிக்காரன், என்னைக் கேட்டான், இது உன்ரை காணியோ எண்டு. இல்லை எண்டன். அப்ப உன்ரை காணியிலை போய் நில்லன், இஞ்சை ஏன் நிக்கிறாய் எண்டான்."

"நீ என்ன சொன்னனி?"

"கொஞ்சம் தள்ளி வந்து உனக்குத்தான் போன் எடுத்தனான்." மூச்சை இழுத்துவிட்டான். "அக்கா, அந்தக் கடதாசி உன்னட்டைத்தானே கிடக்கு? அனுப்பு. கையெழுத்து வைக்கிறன்."